படகு எஞ்சினுக்கு ஆயில் பிரஷர் மீட்டர்: சேலத்தில் பொருள் வாங்கி மாட்டுபவர்களுக்கு

சேலம் லாரி ஊர். சங்ககிரி வரை ஒரு நடை போய் வந்தால் லாரிக்கு வேண்டிய ஏறக்குறைய எந்தப் பொருளும் கைக்கு வந்துவிடும். படகுக்கு அப்படியில்லை. எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம். ஆனாலும் இங்கே படகுகள் இருக்கின்றன. பூலாம்பட்டியில் கதவணைத் தண்ணீரைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு ஆளையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் போய் வருகின்றன. ஏற்காடு ஏரியில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. இப்படி ஒரு படகில் ஆயில் மீட்டர் படுத்துவிட்டால் அதை ஓட்டுபவர் லாரி ஸ்பேர்ஸ் கடைக்குத்தான் வருவார். கடைக்காரரும் எஞ்சினில் திருகியிருந்த பழைய பிரஷர் சென்சாரைக் கையில் வாங்கிப் பார்த்து, அதே மரை உள்ள ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மாட்டினால் முள் ஆடும். சரி, வேலை முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

முள் ஆடுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. மீட்டரும் சென்சாரும் ஒரே கணக்கில் செய்யப்பட்ட ஜோடியாக இருக்க வேண்டும். மரை சேர்ந்தாலும் கணக்கு சேராமல் போகலாம். அப்படிப் போனால் மீட்டர் செத்துக் கிடக்காது, நன்றாக வேலை செய்வதுபோலவே நடிக்கும். வண்டி என்றால் ஓரங்கட்டி நிறுத்தலாம். ஆற்றின் நடுவில் ஆட்களோடு எஞ்சின் ஜாம் ஆனால் படகு தண்ணீர் இழுக்கும் பக்கம்தான் போகும். அதனால் இந்த வேலையைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்து படகுக்குப் புதிதாக வருபவர்களையும், தன் படகைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின்

எல்லாப் படகு எஞ்சினிலும் ஆயில் பிரஷர் என்று ஒன்று இருக்காது. படகின் பின்பக்கம் தொங்கும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது, அளக்க ஒன்றுமில்லை. பழைய மெதுவாக ஓடும் ஒற்றை சிலிண்டர் டீசல்களில் சிலவற்றுக்கு ஆயில் பம்பே கிடையாது. கிராங்க் சுற்றும்போது அடியில் உள்ள ஆயிலை வாரித் தெளிக்கும், அவ்வளவுதான். ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் பம்ப் உண்டு, ஆனால் அதன் சுவிட்சும் சென்சாரும் அந்தக் கம்பெனி மீட்டரோடு கட்டுப்பட்டவை. அதில் வெளிப்பொருளைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. இந்தக் கட்டுரை படகுக்குள் உட்காரும், ஆயில் பம்ப் உள்ள டீசல் எஞ்சின்களுக்கு. லாரி, டிராக்டர் எஞ்சினைப் படகில் இறக்கியிருந்தாலும் இதே முறைதான்.

பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாக அது கசிந்து வெளியேற வேண்டியிருக்கிறது. அந்தத் தடைதான் பிரஷர். பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானால் பிரஷர் இறங்கும். ஆயில் சூடாகி இளகினாலும் இறங்கும். பிரஷர் அளவுக்கு மேல் ஏறாதபடி ரிலீஃப் வால்வு ஒன்று காவல் இருக்கும். எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை மீட்டர் சொல்லாது. அதற்கு டிப்ஸ்டிக்தான். ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் முள் விழும், அதற்குள் சேதம் ஆரம்பித்திருக்கும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எஞ்சின் புத்தகம்தான் கடைசி வார்த்தை. புத்தகம் கைக்கு வரும்வரை ஒரு தோராயக் கணக்கு வேண்டுமானால், சிறிய, நடுத்தர டீசல்களில் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 1 கிலோவுக்குக் குறையாமலும், ஓட்டும் வேகத்தில் 3 முதல் 4 கிலோ வரையிலும் நிற்பது வழக்கம். பட்டறையில் நாம் கிலோ என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஏறக்குறைய அதுவேதான் 1 பார். பிஎஸ்ஐயில் சொன்னால் 14 சொச்சம். வெளிநாட்டு மீட்டரில் 80 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தால் ஐந்தரை கிலோ என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் 5 கிலோவைத் தொட்டு நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் குளிரில் கெட்டியாக இருக்கிறது. கால் மணி நேரம் ஓடினால் இறங்கிவிடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மீட்டர் தப்பாகக் காட்டுமோ என்று சிலர் கேட்பார்கள். காட்டாது. சென்சார் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டே அளக்கிறது, மலையோ சமவெளியோ கணக்கு ஒன்றுதான்.

அசல் பிரஷரை அளந்துகொள்ளுங்கள்

எலக்ட்ரிக் மீட்டரைத் தொடும் முன் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைக் கட்டி அசல் பிரஷரைப் பார்த்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. இதை விட்டால், பின்னால் முள் குறைவாகக் காட்டும்போது எஞ்சின் பொய்யா, மீட்டர் பொய்யா என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

கம்ப்ரஸர், ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் 0 முதல் 7 அல்லது 10 கிலோ வரை காட்டும் கேஜ் கிடைக்கும். உள்ளே கிளிசரின் நிரப்பியது என்றால் முள் நடுங்காமல் நிற்கும், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்கலாம். எஞ்சின் பக்கம் மாட்ட ஒரு சிறிய ஹோஸ் வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்குகளும் ஜேசிபிகளும் இருப்பதால் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகளுக்குக் குறைவில்லை. எஞ்சின் பக்க மரையையும் கேஜ் மரையையும் காட்டினால் அளவுக்கு அடித்துத் தருவார்கள். அந்த ஹோஸைப் பிரஷரே இல்லாத வேலைக்கு விற்கும் ரப்பர் டியூபாக வாங்கிவிடாதீர்கள். சூடான ஆயில் பீய்ச்சினால் தோல் போகும்.

எஞ்சினைச் சூடேற்றி, ஐடிலிலும் ஓட்டும் வேகத்திலும் அளவை எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் மீட்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மரை

பழைய வார்னிங் சுவிட்ச் அல்லது சென்சார் எஞ்சின் பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பக்கமாக எங்காவது திருகியிருக்கும். அதைக் கழற்றி மரையை அளக்க வேண்டும். வெர்னியரும் மரை கேஜும் இல்லாவிட்டால் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். நூற்றில் நமக்குத் தேவைப்படுபவை சில வகைகளே: கால் இன்ச் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), எட்டில் ஒரு இன்ச் என்பிடி, எட்டில் ஒரு இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), எம்10-க்கு 1 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), எம்12, எம்14-க்கு 1.5 பிட்ச்.

இவற்றில் ஏமாற்றுபவை எட்டில் ஒன்று என்பிடியும் எட்டில் ஒன்று பிஎஸ்பியும். ஒன்றில் இன்ச்சுக்கு 27 மரை, மற்றதில் 28. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஒன்றில் மற்றதைத் திருகினால் இரண்டு மூன்று சுற்று சுகமாக உள்ளே போகும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. பிளாக்கின் மரை வழுக்கிப் போகும், அல்லது அப்போதைக்கு நின்று ஓடும்போது கசியும். கையாலேயே நான்கு சுற்றாவது போகவில்லை என்றால் அது அந்த மரையாக இருக்காது. கழற்றிவிடுங்கள்.

கூம்பு மரைக்கும் நேர் மரைக்கும் அடைக்கும் முறை வேறு. கூம்பு மரையில் மரையே அடைப்பு, அதற்கு டெஃப்லான் டேப் அல்லது மரைப் பசை. நேர் மரைக்குக் காப்பர் வாசரோ, ரப்பர் உதடு வைத்த இரும்பு வாசரோ வேண்டும், டேப் சுற்றிப் பயனில்லை. டேப் சுற்றும்போது முனையில் இரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். அந்த முனையில் பிய்ந்த நூல் எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் வழிக்குள் போனால் எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓம் கணக்கு

சென்சாருக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. ஆயில் அதைத் தள்ள, அது ஒரு சிறிய முனையை ரெசிஸ்டன்ஸ் கம்பி மேல் நகர்த்துகிறது. மீட்டர் பார்ப்பது அந்த ஓமைத்தான், ஆயிலை அல்ல. எந்தப் பிரஷருக்கு எத்தனை ஓம் என்பதில் உலகம் இரண்டு பெரிய முகாமாகப் பிரிந்து கிடக்கிறது.

ஐரோப்பியக் கணக்கில் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு அளவில் சுமார் 180. பிரஷர் ஏற ஏற ஓம் ஏறும். அமெரிக்கக் கணக்கு தலைகீழ். பிரஷர் இல்லாதபோது 240, முழு அளவில் 33. பிரஷர் ஏற ஏற ஓம் இறங்கும். வெளிநாட்டுப் படகில் வந்த மீட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. நம் லாரி, டிராக்டர் சென்சார்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறாக இருக்கலாம் என்பதால் அளக்காமல் எதையும் நம்பக் கூடாது.

இப்போது முக்கியமான இடம். ஐரோப்பிய சென்சாரை அமெரிக்க மீட்டரில் மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். எஞ்சின் அசல் பிரஷர் 3 பார். 5 பார் சென்சார் அப்போது சுமார் 116 ஓம் காட்டும். 80 பிஎஸ்ஐ வரை காட்டும் அமெரிக்க மீட்டருக்கு 103 ஓம் என்றால் பாதி அளவு, அதாவது 40 பிஎஸ்ஐ. ஆகவே 116-க்கு முள் பாதிக்குச் சற்றுக் கீழே, 35 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். 3 பார் என்பது 43 பிஎஸ்ஐ. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? பரவாயில்லையே, நன்றாகத்தானே காட்டுகிறது என்றுதான் தோன்றும். மாற்றிப் போட்டாலும், அதாவது அமெரிக்க சென்சாரை ஐரோப்பிய மீட்டரில் மாட்டினாலும், நடுவில் இதே கதைதான். இரண்டு கணக்கும் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன.

வித்தை வெளிப்படுவது பிரஷர் மாறும்போது. ஆயில் கசிந்து அசல் பிரஷர் 3-லிருந்து 1-க்கு இறங்குகிறது. ஐரோப்பிய சென்சாரின் ஓம் 116-லிருந்து 50-க்குக் கீழே இறங்கும். அமெரிக்க மீட்டருக்கு ஓம் இறங்கினால் பிரஷர் ஏறுவதாக அர்த்தம். முள் மேலே போகும். படகோட்டி பார்த்து, எஞ்சின் நன்றாக இழுக்கிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். மீட்டரே இல்லாத படகுகூட இதைவிட மேல். அங்கே ஆள் டிப்ஸ்டிக்கையாவது பார்ப்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது முள் உச்சியில் போய் உட்கார்ந்தால் ஜோடி மாறியிருக்கிறது, அல்லது ஒயரில் கோளாறு. “அண்ணா, சாவி போட்டதும் முள்ளு தூக்கிக்கிட்டு நிக்குதுங்க, ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் எறங்குதுங்க” என்று யாராவது சொன்னால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு மாறாட்டம் இருக்கிறது, கொஞ்சம் நாசூக்கானது. ஐரோப்பிய சென்சாரிலேயே 5 பார், 10 பார் என்று இரண்டு உண்டு. இரண்டும் 10-லிருந்து 180 சொச்சம் ஓம்தான். 10 பார் மீட்டரில் 5 பார் சென்சாரை மாட்டினால் பூஜ்யத்தில் சரியாக நிற்கும், ஓடும்போது இரண்டு மடங்கு காட்டும். அசல் 1 கிலோ, மீட்டரில் 2. முன்பு சொன்ன சாவி சோதனையில் இது சிக்காது. மெக்கானிக்கல் கேஜில் எழுதிவைத்த எண்கள்தான் காட்டிக்கொடுக்கும். சென்சாரின் உடம்பில் அளவு அடித்திருப்பார்கள், பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

மீட்டர் எந்த முகாம் என்று அறிய

முதுகில் எழுதியிருந்தால் நல்லது. எழுதாத, அழிந்துபோன மீட்டருக்கு ஒரு சோதனை. மீட்டருக்குச் சப்ளையும் எர்த்தும் கொடுத்து, சென்சார் முனையை எதிலும் சேர்க்காமல் விடுங்கள். முள் உச்சிக்குப் போனால் ஐரோப்பிய வகை. பூஜ்யத்துக்கும் கீழே படுத்தால் அமெரிக்க வகை. பிறகு சென்சார் முனையைக் கண நேரம் எர்த்தில் தொடுங்கள். ஐரோப்பிய மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும், அமெரிக்க மீட்டர் உச்சிக்குப் போகும். தொட்டு எடுத்தால் போதும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

இன்னும் உறுதியாக வேண்டுமானால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10, 33, 100, 180, 240 ஓம் ரெசிஸ்டர்களை 1 அல்லது 2 வாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ரூபாய் சமாச்சாரம். சென்சார் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வைத்து முள் எங்கே நிற்கிறது என்று குறித்தால் மீட்டரின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டும் ஒரு மல்டிமீட்டரும் பையில் இருக்கட்டும். கடைக்காரர் கொடுக்கும் சென்சாரின் முனைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓம் பாருங்கள். சும்மா இருக்கும் சென்சார் 10 பக்கம் காட்டினால் ஒரு முகாம், 240 பக்கம் காட்டினால் மற்றது. மல்டிமீட்டரில் ஓம் அளவு எதுவும் வராமல் முனை திறந்தோ நேராக உடம்போடு சேர்ந்தோ இருந்தால் அது சென்சார் இல்லை, வார்னிங் லைட்டுக்கான சுவிட்ச். இரண்டும் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொதுவாகப் பெரிதாக டப்பா வடிவில் இருப்பது சென்சார், சின்னதாக இருப்பது சுவிட்ச்.

புதிய லாரிகளில் வரும் மூன்று பின் சென்சாரை வாங்கவே வாங்காதீர்கள். அது ஓம் தருவதில்லை, 5 வோல்ட் வாங்கிக்கொண்டு வோல்ட்டாகவே பதில் சொல்லும். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சினுக்கானது. நம் முள் மீட்டருக்கு அதன் பாஷை புரியாது.

மீட்டரையும் சென்சாரையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்குவதுதான் என் யோசனை. சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பார்சலில் வர நான்கு நாள் ஆனாலும் ஆகட்டும். பாதியை இங்கே, பாதியை அங்கே வாங்கி மிச்சப்படுத்தும் பணம் பேரிங் செட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை. வாங்கும் முன் படகு பேட்டரி 12 வோல்ட்டா 24-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாரி எஞ்சின் இறக்கிய படகுகளில் 24 சகஜம். 12 வோல்ட் மீட்டரை அதில் கொடுத்தால் சுருள் வெந்துவிடும்.

இரண்டு இடத்தில் மீட்டர் வேண்டும் என்றால் ஒரே சாதாரண சென்சாரிலிருந்து இரண்டு ஒயர் எடுக்கக் கூடாது. இரண்டுமே தப்பாகக் காட்டும். அதற்கென்றே பாதி ஓம் கொண்ட இரட்டை நிலைய சென்சார் விற்கிறார்கள்.

எஞ்சினில் மாட்டுதல்

பழைய வார்னிங் சுவிட்சை எடுத்துவிட்டு அதே துவாரத்தில் சென்சாரை மாட்டுவது சுலபம். செய்யாதீர்கள். படகோட்டி தண்ணீரைப் பார்ப்பாரா, மீட்டரைப் பார்ப்பாரா? லைட்டும் பஸ்ஸரும் கட்டாயம் இருக்க வேண்டும், மீட்டர் அதற்கு மேல் ஒரு துணை. சுவிட்ச் பெரும்பாலும் அரை கிலோ பக்கம் பிரஷர் விழுந்தால் பஸ்ஸரை அடிக்கும். ஆகவே ஒரு டீ (T வடிவ மூன்று வாய் இணைப்பு) போட்டு இரண்டையும் வைக்க வேண்டும். சில சென்சார்களில் இரண்டுமே ஒரே உடம்பில் வரும், அதில் ஜி என்று போட்ட முனை மீட்டருக்கு, டபிள்யூகே என்று போட்டது லைட்டுக்கு.

டீயைப் பிளாக்கில் திருகி, அதன் இரு தலையிலும் சென்சாரையும் சுவிட்சையும் தொங்கவிடுவதைத்தான் நிறைய இடத்தில் பார்க்கலாம். டீசல் எஞ்சின் நடுக்கத்தில் அந்தக் கனமான டப்பா நாள் முழுக்க ஆடும். பித்தளை அடாப்டர் களைத்துப் போய் ஒரு நாள் மரை தொடங்கும் இடத்தில் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் பிரஷரோடு வரும் ஆயில் முழுவதும் படகின் அடியில். ஒரு சின்ன அடாப்டருக்காக எஞ்சினே போகும்.

சரியான வழி: பிளாக்கில் ஒரு இரும்பு நிப்பிள், அதிலிருந்து ஒரு அடி அளவு ஹைட்ராலிக் ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் டீ. டீயைப் பக்கத்துச் சுவரிலோ எஞ்சின் அல்லாத தாங்கியிலோ கிளாம்ப் போட்டு நிறுத்திவிடுங்கள். ஹோஸ் எக்ஸாஸ்டிலும் பெல்ட்டிலும் உரசாமல் கொஞ்சம் தொய்வோடு இருக்கட்டும். இப்படித் தள்ளி வைத்தால் சென்சாரின் உடம்பு எஞ்சினைத் தொடுவதில்லை, எர்த் போய்விடும். டீயிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தனி எர்த் ஒயர் போட மறக்காதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் விழும் குழி இதுதான்.

கழற்றும்போது கொட்டும் ஆயிலுக்கு அடியில் ஒரு பழைய தட்டும் துணியும் வையுங்கள். அடியில் தேங்கிய ஆயிலைப் பம்ப் போட்டுத் தண்ணீரில் இறைக்கும் பழக்கம் வேண்டாம். சேலம் மாநகரத்தின் குடிநீரே காவிரியிலிருந்துதான் வருகிறது.

ஒயரிங்

மீட்டரின் முதுகில் மூன்று முனை. ஐ அல்லது பிளஸ் என்பது சாவியிலிருந்து வரும் சப்ளை, எஸ் என்பது சென்சாருக்கு, மைனஸ் எர்த்துக்கு. ஜி என்ற எழுத்தில் மட்டும் கவனம்: ஐரோப்பிய மீட்டரில் அது சென்சாருக்கு, ஐ, எஸ், ஜி என்று போட்ட அமெரிக்க மீட்டரில் அது எர்த்துக்கு. விளக்குக்குத் தனி முனை. சப்ளையில் 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். ஈயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஈரத்தில் கருக்காது. வெளிநாட்டுப் படகில் பழைய ஒயர் இருந்தால் ஆயில் மீட்டருக்கு வெளிர்நீலம் என்பது அமெரிக்க வழக்கம், தேடுவது சுலபம்.

ஃபைபர் படகில் உடம்பு எர்த் ஆகாது என்பதை லாரி வேலையிலிருந்து வருபவர்கள் மறந்துபோவார்கள். லாரியில் சேஸில் எங்கே திருகினாலும் எர்த் கிடைக்கும். இங்கே பேனலின் எர்த்தும் எஞ்சினின் எர்த்தும் ஒயர் வழியாகவே பேட்டரி மைனஸில் சேர வேண்டும். இரும்பு, அலுமினியப் படகுகளில் எர்த்துக்கென்று இரண்டாவது முனை வைத்த தனி வகை சென்சார் போடுவது உண்டு. மின்சாரம் உடம்பு வழியாகப் பாய்ந்தால் உலோகத்தைத் தண்ணீர் அரிக்கும் என்பதால் அப்படி. அந்த இரண்டாவது முனையை வார்னிங் லைட் முனை என்று நினைத்து ஒயர் கொடுத்துவிடாதீர்கள். சென்சாரோடு வரும் தாளைப் பாருங்கள், தாள் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் இருக்கிறது: இரண்டு முனையும் உடம்போடு சேராமல் தங்களுக்குள் மட்டும் ஓம் காட்டினால் அது தனி எர்த் வகை.

ஒயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது பைக்குக்கே சரியில்லை. லக் போட்டு அழுத்தி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்னும் பின்னும்

சாவியை ஆன் செய்யுங்கள். முள் பூஜ்யத்தில், வார்னிங் லைட் எரிந்து, பஸ்ஸர் அடிக்க வேண்டும். லைட் எரியவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் லைட் அணைந்து முள் எழ வேண்டும். பத்து நொடிக்குள் எழாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஹோஸில் காற்று இருந்தால் முதல் தடவை சற்றுத் தாமதிக்கலாம், ஆனால் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது காத்திருந்து பார்ப்பது விபரீதம்.

எல்லாம் நன்றாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், சூடேறும் முன்பே. பிறகு எஞ்சினைச் சூடேற்றி, முதலில் எழுதிவைத்த மெக்கானிக்கல் கேஜ் எண்களோடு ஒப்பிடுங்கள். அரை கிலோ வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம், இந்த மீட்டர்கள் அவ்வளவு துல்லியம் அல்ல. அதற்கு மேல் என்றால் ஓம் கணக்கை மறுபடி பாருங்கள்.

பின்னால் வரும் கோளாறுகளில் சில. முள் திடீரென்று உச்சிக்குப் போய் நின்றால் ஐரோப்பிய மீட்டரில் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது எர்த் போயிருக்கிறது. அமெரிக்க மீட்டரில் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. ஆடும் முள் என்றால் பெரும்பாலும் லூஸ் லக். ஆனால் படகு ஒரு பக்கம் சாயும்போது மட்டும் முள் விழுந்தால் ஒயரைத் தேடாதீர்கள், ஆயில் அளவைப் பாருங்கள். மெதுவாக வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே வரும் முள்ளை நம்புங்கள். சென்சார் கெட்டால் பெரும்பாலும் திடீரென்று கெடும், பேரிங்தான் மெதுவாகத் தேயும். டீசல் ஆயிலில் கலந்தாலும் இப்படி இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் சென்சாரை மாற்றும் முன் கேஜைக் கட்டுங்கள். முள் விழுந்த உடனே “சென்சார்தான் போயிருக்கும்” என்று சொல்லும் ஆள் எல்லாப் படகுத்துறையிலும் ஒருவர் இருப்பார். பல தடவை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

கடைசியாக, மீட்டர் பேனலின் உள்பக்கம் அழியாத மார்க்கரில் இவ்வளவையும் எழுதிவிடுங்கள்: எந்த ஓம் வகை, எத்தனை பார், என்ன மரை, பேட்டரி வோல்ட், சூடான ஐடிலிலும் ஓட்டும் வேகத்திலும் கேஜ் காட்டிய எண், மாட்டிய மாதமும் வருடமும். அடுத்து அதைக் கழற்றுபவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.